லேபல் ஒட்டாத ரின்கள்: ஜெனரிக் வகைகளின் ஒரு சிறு வரலாறு

ஜாவா, சி ஷார்ப், ரைப்ஸ்கிரிப்ட் என்று எதைப் படிக்கத் தொடங்கினாலும், கொஞ்சத் தூரம் போனதும் கோண அடைப்புக்குறிக்குள் தனியாக நிற்கிற ஓர் ஆங்கில 'ரி'யைச் சந்திக்கிறோம். வீடியோப் பாடங்கள் பெரும்பாலும் அதை இரண்டு நிமிசத்தில் கடந்து போய்விடும். "இதுக்குப் பேர் ஜெனரிக், இப்பிடித்தான் எழுதோணும்" எண்டு சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார்கள். நாங்களும் எழுதிப் பழகிவிடுகிறோம். அந்த எழுத்து ஏன் அங்கே வந்தது? அது இல்லாத காலத்தில் ஆக்கள் என்ன செய்தார்கள்? ஒரு மொழியில் ஒரு மாதிரியும் இன்னொரு மொழியில் வேறு மாதிரியும் அது ஏன் நடந்துகொள்கிறது? இதையெல்லாம் கேக்க ஆருக்கும் நேரம் இருப்பதில்லை.

இந்தக் கட்டுரையில் அதைத்தான் கேட்கப் போகிறோம். ஏனென்றால் அந்த 'ரி'க்குப் பின்னால் 50 வருசத்துக்கு மேற்பட்ட ஒரு வாக்குவாதம் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அது கணிதம் மாதிரித் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது செலவைப் பற்றிய வாக்குவாதம். ஒரு வசதி வேண்டும் என்றால் அதற்கான செலவை ஆர் கட்டுவது? நிரல் எழுதுகிறவரா, கம்பைலரா, ஓடுகிற இயந்திரமா, அல்லது பத்து வருசத்துக்கு முந்தி எழுதி முடித்த பழைய நிரல்களா? ஒவ்வொரு மொழியும் இதற்கு ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைகளோடுதான் நாம் இன்றைக்கு வேலை செய்கிறோம்.

முதலில், பிரச்சினை என்ன?

பள்ளிக்கூடத்தில் பஸ்கால் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நிக்லாவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட அந்த மொழி, வகை விசயத்தில் மிகவும் கண்டிப்பானது. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் கம்பைலர் ஓடவே விடாது. நல்ல விசயம்தான். ஆனால் தொடக்கத்துப் பஸ்காலில் ஓர் அணியின் நீளமும் அதன் வகைக்குள் அடங்கும். 10 எண்கள் கொண்ட அணியை வரிசைப்படுத்த நீங்கள் எழுதின செயல்முறையிடம் 20 எண்கள் கொண்ட அணியைக் கொடுக்க ஏலாது. இரண்டும் வெவ்வேறு வகை. பிரையன் கெர்னிகன் 1981இல் பஸ்காலைப் பற்றி எழுதின புகழ்பெற்ற விமர்சனத்தில் முதன்மையாகச் சொன்ன குறை இதுதான். வரிசைப்படுத்துகிற யோசனை ஒன்றுதான், ஆனால் அதைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டி இருந்தது.

சி மொழி இதற்கு நேரெதிர் வழியில் போனது. அதன் நூலகத்தில் வரிசைப்படுத்துவதற்கு ஒரு சார்பு இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் வரிசைப்படுத்தித் தரும். எப்படி? உள்ளே என்ன இருக்கிறது என்பதையே அது கேட்காது. 'ஏதோ ஒன்றின் முகவரி' எண்டு மட்டும் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொன்றும் எத்தனை பைட், இரண்டை எப்படி ஒப்பிடுவது என்பதை நீங்களே சொல்ல வேண்டும். அதைப் பிழையாகச் சொன்னால் கம்பைலர் வாய் திறக்காது. நிரல் ஓடும்போது குப்பை வரும், அல்லது நடுவழியில் விழுந்துவிடும்.

எங்கட வீட்டுக் குசினிகளில் பழைய பால்மா ரின்கள் அடுக்கி வைத்திருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்காலின் வழி என்பது சீனிக்கு ஒரு ரின், உப்புக்கு வேறு அச்சில் வார்த்த ரின், மிளகாய்த்தூளுக்கு இன்னொரு அச்சில் வார்த்த ரின். பிழை வராது, ஆனால் ரின் செய்தே சீவியம் போய்விடும். சியின் வழி என்பது ஒரே மாதிரி ரின்கள், ஒன்றிலும் லேபல் இல்லை. சுகம்தான், தேத்தண்ணிக்குள் உப்பு விழும்வரைக்கும். நமக்கு வேண்டியது மூன்றாவது வழி: ரின் ஒரே அச்சில் வரவேண்டும், ஆனால் ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன இருக்கிறது என்ற லேபலும் இருக்கவேண்டும், அந்த லேபலை ஆராவது சரிபார்க்கவும் வேண்டும். 'ரி' என்பது லேபல் எழுதுவதற்கு விட்ட வெற்றிடம். அதைத்தான் வகை மாறி, ரைப் பராமீற்றர் என்றெல்லாம் சொல்கிறோம்.

கொப்பன்ஹேகனில் ஒரு விரிவுரை

இந்த மூன்றாவது வழிக்கு முதலில் தெளிவாகப் பெயர் வைத்தவர் கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சி என்ற பிரித்தானியர். 1967இல் கொப்பன்ஹேகனில் நடந்த ஒரு கோடைகாலப் பாடசாலையில் நிரலாக்க மொழிகளின் அடிப்படைகளைப் பற்றி அவர் விரிவுரை செய்தார். அந்தக் குறிப்புகள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. முறையாக அச்சில் வந்தது 2000ஆம் ஆண்டில்தான். ஸ்ட்ரேச்சி அதற்கு 25 வருசத்துக்கு முந்தியே, 1975இல் இறந்துவிட்டார்.

ஒரே பெயர் பல வகைகளில் வேலை செய்வதை அவர் இரண்டாகப் பிரித்தார். கூட்டல் குறியை எடுங்கள். முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் அதே குறிதான், ஆனால் உள்ளே நடக்கிற வேலை வேறு வேறு. விமான நிலையச் சுங்க அதிகாரி மாதிரி. பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதற்கு ஏற்ப நடந்துகொள்வார். மற்றது, தபால்காரரின் வழி. கடிதத்தில் கல்யாண அழைப்பு இருக்கட்டும், வங்கிக் கடதாசி இருக்கட்டும், அவர் உறையைப் பிரிக்கமாட்டார். எதுவாக இருந்தாலும் ஒரே வேலைதான். இந்த இரண்டாவதைத்தான் ஸ்ட்ரேச்சி 'பராமெற்றிக்' என்றார். ஜெனரிக் என்று நாம் இன்று சொல்வதன் வேர் இது.

தபால்காரர் உறையைப் பிரிக்கமாட்டார் என்பது ஒரு கட்டுப்பாடு மாதிரித் தோன்றும். உண்மையில் அதுதான் பலம். ஏதோ ஒரு வகைப் பொருட்களின் பட்டியலை வாங்கி, அதே வகைப் பட்டியலைத் திருப்பித் தருகிற ஒரு சார்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுவம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே நாம் ஒன்றைச் சொல்லலாம்: பிரித்துப் பார்க்கிற குறுக்குவழி எதையும் மொழி தராவிட்டால், அது பட்டியலைத் தலைகீழாக்கலாம், சிலதை விடலாம், சிலதை இரண்டு தரம் போடலாம். ஆனால் பட்டியலில் இல்லாத புதிய ஒன்றை அதால் உண்டாக்க ஏலாது. எந்த வகை என்றே தெரியாதபோது புதிதாக எதை உண்டாக்குவது? ஜோன் ரேனால்ட்ஸ் 1983இல் இதற்குக் கணித அடிப்படை போட்டார். 1989இல் பிலிப் வாட்லர், ஒரு சார்பின் வகையை மட்டும் பார்த்தே அதைப் பற்றிய தேற்றங்களை 'இலவசமாக' எடுக்கலாம் என்று காட்டினார். வாட்லர் என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள். இந்தக் கதையில் அவர் திரும்பத் திரும்ப வருவார்.

யோசனையை வேலை செய்கிற மொழியாக்கியவர்களில் முக்கியமானவர் றொபின் மில்னர். 1970களில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில், கணித நிறுவல்களைக் கணினியில் சரிபார்க்கிற ஒரு கருவிக்காக எம்.எல். என்ற மொழியை அவரது குழு உருவாக்கியது. 1978இல் அதன் வகைமுறையைப் பற்றி அவர் எழுதின கட்டுரை இன்றைக்கும் படிக்கப்படுகிறது. எம்.எல்லில் வகையை எழுதவே தேவை இல்லாத இடங்கள் அதிகம். நீங்கள் சார்பை எழுதினால், அது எவ்வளவு பொதுவாக இருக்க முடியும் என்பதைக் கம்பைலரே கண்டுபிடித்துச் சொல்லும். மில்னருக்கு 1991இல் ரியூரிங் விருது கிடைத்தது.

ஆக, 1978 அளவிலேயே நல்ல விடை ஒன்று கையில் இருந்தது. ஆனால் உலகத்தின் பெரும்பகுதி நிரலாளர்களின் கைக்கு அது வர இன்னும் 25 வருசத்துக்கு மேல் எடுத்தது. ஏன் எண்டதுதான் இந்த வரலாற்றின் உண்மையான கேள்வி.

ஆய்வுகூடத்திலிருந்து தொழிற்சாலைக்கு

அதே 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் பார்பரா லிஸ்கோவும் அவரது குழுவும் சி.எல்.யு. என்ற மொழியை உருவாக்கினார்கள். அங்கே ஒரு முக்கியமான கேள்வி எழுந்தது. தபால்காரர் உறையைத் திறக்கமாட்டார், சரி. ஆனால் வரிசைப்படுத்துகிற சார்பு இரண்டு பொருட்களை ஒப்பிட்டே ஆகவேண்டுமே? சி.எல்.யு. சொன்ன விடை: 'எந்த வகையும் வரலாம், ஆனால் ஒப்பிடுகிற செயல் ஒன்று அதற்கு இருக்கவேண்டும்' என்று நிபந்தனையை வெளிப்படையாக எழுதிவிடு. இன்று ரஸ்டில் 'ட்ரெய்ட்' என்றும், ஜாவாவில் 'எக்ஸ்ரென்ட்ஸ்' என்றும் நாம் எழுதுவதெல்லாம் இந்த யோசனையின் உறவுக்காரர்கள். லிஸ்கோவுக்கு 2008ஆம் ஆண்டுக்கான ரியூரிங் விருது வழங்கப்பட்டது.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக உருவாகி 1983இல் தரப்படுத்தப்பட்ட ஏடா மொழியில் 'ஜெனரிக்' என்ற சொல்லே மொழியின் ஒதுக்கிய சொற்களில் ஒன்று. ஏடா லவ்லேஸின் பெயரைத் தாங்கிய அந்த மொழியின் இராணுவத் தர இலக்கம் 1815, அவர் பிறந்த வருசம். ஏடாவில் அலெக்சாண்டர் ஸ்டெபனோவும் டேவிட் மஸ்ஸரும் பொதுவான வழிமுறைகளின் நூலகம் ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள். ஸ்டெபனோவ் பிறகு சி பிளஸ் பிளஸ் பக்கம் வந்தார்.

சி பிளஸ் பிளஸை உருவாக்கிய பியார்ன ஸ்ட்ரவுஸ்ட்ரப் 1988இல் 'ரெம்பிளேற்' என்ற வடிவமைப்பை முன்வைத்தார். இதன் வேலை மிக நேரடியானது. நீங்கள் ஒரு அச்சை எழுதுகிறீர்கள். முழு எண்ணுக்குக் கேட்டால் கம்பைலர் முழு எண்ணுக்கு ஒரு பிரதி வார்த்துத் தரும், சொல்லுக்குக் கேட்டால் இன்னொரு பிரதி. ஓடும்போது கொஞ்சமும் வேகம் குறையாது. ஸ்டெபனோவ் மெங் லீயோடு சேர்ந்து உருவாக்கின நூலகத்தைத் தரக்குழு 1994 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. எஸ்.ரி.எல். என்று இன்றைக்கும் பாவிக்கிறோமே, அதன் தொடக்கம் அது.

ஆனால் செலவு வேறு இடத்தில் விழுந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு பிரதி என்றால் கம்பைல் பண்ண நேரம் கூடும், கோப்பும் பெருக்கும். அத்தோடு, சி.எல்.யு. மாதிரி நிபந்தனையை எழுதுகிற வழி ரெம்பிளேற்றில் இருக்கவில்லை. ஒப்பிட முடியாத வகையை வரிசைப்படுத்தக் கொடுத்தால், பிழைச் செய்தி உங்கள் வரியைக் காட்டாமல் நூலகத்தின் குடலுக்குள் இருந்து பக்கம் பக்கமாக வரும். 1994இல் எர்வின் உன்ரு என்பவர் ஒரு நிரலைத் தரக்குழுவினருக்குக் காட்டினார். அது கம்பைல் ஆகாது, ஆனால் கம்பைலர் கக்குகிற பிழைச் செய்திகளுக்குள் முதன்மை எண்கள் வரிசையாக வரும்! ரெம்பிளேற் என்பது தன்னளவில் ஒரு முழு நிரலாக்க மொழியாகிவிட்டது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. நிபந்தனைகளை எழுதுகிற 'கொன்செப்ட்' வசதியைச் சேர்க்க எடுத்த பெரிய முயற்சி 2009இல் கைவிடப்பட்டது. கடைசியில் 2020ஆம் ஆண்டுத் தரத்தில்தான் அது உள்ளே வந்தது. லிஸ்கோவின் குழு 1970களில் எழுதிக் காட்டினது, தொழில்துறையின் பெரிய மொழி ஒன்றுக்கு வர 40 வருசத்துக்கு மேல்.

ஜாவா: பழசைக் காப்பாற்றுவதன் விலை

1995இல் ஜாவா அறிமுகமானபோது அதில் ஜெனரிக் இல்லை. எல்லா வகைக்கும் மூதாதையான 'ஒப்ஜெக்ட்' என்ற ஒன்று இருந்தது. பட்டியலுக்குள் எதையும் போடலாம். எடுக்கும்போது 'இது சொல், இது மாணவர்' என்று நீங்களே அடித்துச் சொல்லவேண்டும். பிழையாகச் சொன்னால் நிரல் ஓடும்போது விழும். லேபல் இல்லாத ரின் மறுபடியும் வந்துவிட்டது. ஒரு வித்தியாசம், சியில் உப்புத் தேத்தண்ணியைக் குடித்தே விடுவீர்கள், ஜாவாவில் வாயில் வைக்கும்போது ஆராவது கையைத் தட்டிவிடுவார்கள்.

இதோடு இன்னொரு சமரசமும் நடந்தது. ஜெனரிக் இல்லாமல் எல்லா அணிகளுக்கும் பொதுவான சார்பு எழுத வேண்டும் என்பதால், 'மாம்பழ அணி'யை 'பழ அணி'யாகப் பாவிக்கலாம் என்று ஜாவா அனுமதித்தது. கேக்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் அதைப் பழ அணி என்று நம்பி ஒருவர் உள்ளே கொய்யாவைப் போட்டால்? மாம்பழ அணி என்று நினைத்து வைத்திருப்பவரின் நிலை என்ன? கம்பைலர் இதைப் பிடிக்காது. ஒவ்வொரு தரமும் அணிக்குள் ஒன்றைப் போடும்போது ஓடுகிற இயந்திரம்தான் சரிபார்த்து, பிழையென்றால் நிரலை நிறுத்தும். ஒரு வசதியைத் தள்ளிப்போட்டதால் மொழியின் அடித்தளத்திலேயே ஓட்டை ஒன்று விழுந்தது. அது இன்றுவரை மூடப்படவில்லை. சி ஷார்ப்பும் அதை அப்படியே வாங்கிக்கொண்டது.

1997இல் மார்ட்டின் ஒடெர்ஸ்கியும் பிலிப் வாட்லரும் 'பீட்சா' என்ற பெயரில் ஜாவாவுக்கு நீட்சி ஒன்றை வெளியிட்டார்கள். எம்.எல். உலகத்தின் யோசனைகள் ஜாவாவுக்குள் வந்தன. அதில் ஜெனரிக் பகுதியை மட்டும் எடுத்து, கிலாட் பிராக்கா, டேவிட் ஸ்டவுட்டமயர் ஆகியோரோடு சேர்ந்து 1998இல் ஜி.ஜே. என்ற வடிவமைப்பைத் தந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்த நிபந்தனை கடினமானது. ஏற்கெனவே எழுதின ஜாவா நிரல்கள் ஒன்றும் உடையக்கூடாது. ஏற்கெனவே உலகம் முழுக்க ஓடுகிற ஜாவா இயந்திரத்தையும் மாற்றக்கூடாது.

அவர்களின் விடைக்குப் பெயர் 'அழித்தல்'. கம்பைலர் எல்லா லேபலையும் வாசித்துச் சரிபார்க்கும். சரியென்றால், லேபலைக் கிழித்துவிட்டுப் பழைய மாதிரி வெறும் ரின்னாகவே அனுப்பும். தேவையான இடங்களில் பழைய 'அடித்துச் சொல்லல்'களைக் கம்பைலரே போட்டுவிடும். ஓடுகிற இயந்திரத்துக்கு ஜெனரிக் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பழைய நூலகமும் புதிய நிரலும் ஒன்றாக வேலை செய்யலாம். ஒரு நிறுவனம் தன் நிரலை ஒரே நாளில் மாற்றத் தேவை இல்லை, கோப்புக் கோப்பாக மாறலாம். 2004 செப்டெம்பரில் ஜாவா 5 ஆக இது வெளிவந்தது.

இன்றைக்கு ஜாவா ஜெனரிக்கைத் திட்டுகிற ஆக்கள் கனபேர். முழு எண்ணை நேரடியாகப் பட்டியலில் போட ஏலாது, அதைப் பொட்டலம் கட்டித்தான் போடவேண்டும். ஓடும்போது 'இது எந்த வகைப் பட்டியல்?' என்று கேட்டால் இயந்திரத்திடம் பதில் இல்லை. கேள்விக்குறி போட்டு எழுதுகிற 'வைல்ட்கார்ட்' பகுதி பலருக்குத் தலையிடி. அதற்குள் ஒரு கோட்பாட்டு ஓட்டை இருப்பதை நடா அமீனும் ரொஸ் ரேற்றும் 2016இல் காட்டினார்கள். 12 வருசமாக ஆரும் காணாத ஓட்டை. ஓடும்போது நடக்கிற சரிபார்ப்பு இருப்பதால் அது பெரிய ஆபத்தாகவில்லை. பழைய வேலி புதிய வேலியின் ஓட்டையைக் காத்தது.

ஆனால் எங்களுக்கு இதைச் சும்மா பிழையான முடிவு என்று தள்ளிவிட மனமில்லை. 2004இல் ஜாவாவில் ஓடிக்கொண்டிருந்த வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் அடுத்த நாளும் ஓடின. அதற்கான விலையை அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நிரலாளரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறார்கள், நீங்களும் நாங்களும் உட்பட.

அதே கேள்வி, வேறு விடைகள்

இதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கிற மைக்ரோசொப்ட் ஆய்வுகூடத்தில் டொன் சைம், அன்ட்ரூ கென்னடி இருவரும் மறுவழியைத் தேர்ந்தார்கள். இயந்திரத்தையே மாற்றினால் என்ன? 2001இல் வடிவமைப்பைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2005 நவம்பரில் டொட் நெற் 2.0 ஆக அது வெளிவந்தது. இங்கே லேபல் கிழிக்கப்படுவதில்லை, ஓடும்போதும் இருக்கும். முழு எண்ணைப் பொட்டலம் கட்டாமலே பட்டியலில் போடலாம். செலவு? லேபல் இல்லாத பழைய சேகரிப்பு வகுப்புகள் ஒரு பக்கம், புதிய ஜெனரிக் வகுப்புகள் இன்னொரு பக்கம் என்று நூலகம் இரண்டாகப் பிரிந்தது. பழசு இன்னும் அங்கேதான் கிடக்கிறது, ஆரும் புதிதாகப் பாவிப்பதில்லை. டொட் நெற்றுக்கு அப்போது வயது சில வருசங்கள்தான். ஜாவாவுக்கு இருந்த அளவு பழைய சுமை இல்லை. அதனால்தான் அந்தத் துணிச்சல் முடிந்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

2009 நவம்பரில் கூகிள் கோ மொழியை வெளியிட்டபோது, ஜெனரிக் பற்றி எல்லாம் தெரிந்த ஆக்கள் அதை வேணுமென்றே விட்டுவைத்தார்கள். அடுத்த மாதமே அந்தக் குழுவின் ரஸ் கொக்ஸ் சிக்கலைச் சுருக்கி எழுதினார். மூன்று கெட்ட தெரிவுகள்தான் இருக்கின்றன என்பது அவர் வாதம். சி மாதிரி விட்டுவிட்டால் நிரலாளர் மெதுவாவார். சி பிளஸ் பிளஸ் மாதிரிச் செய்தால் கம்பைலர் மெதுவாகும். ஜாவா மாதிரிச் செய்தால் ஓட்டம் மெதுவாகும். செலவு போகாது, கை மாறும், அவ்வளவுதான்.

நேர்மையான வாதம். ஆனால் அதில் ஒரு விசயம் உறுத்துகிறது. கோவின் உள்ளே, தொடக்கத்திலிருந்தே, மெப், ஸ்லைஸ், சனல் ஆகிய மூன்றும் எந்த வகைக்கும் வேலை செய்தன. அதாவது ஜெனரிக் மொழியை உருவாக்கியவர்களுக்கு இருந்தது, பாவிக்கிறவர்களுக்கு இல்லை. உங்களுக்கு ஒரு மரமோ வரிசையோ சொந்தமாக வேண்டும் என்றால், ஒவ்வொரு வகைக்கும் திரும்ப எழுது, அல்லது லேபல் இல்லாத ரின்னை எடு. ஒரு பட்டியலை வரிசைப்படுத்தக்கூட நீளம், ஒப்பீடு, இடமாற்றம் என்று மூன்று சிறு சார்புகளை ஒவ்வொரு வகைக்கும் எழுதினார்கள். பயனாளர் கருத்துக்கணிப்புகளில் அதிகம் கேட்கப்பட்ட குறைகளில் ஒன்றாக இது வருசாவருசம் வந்தது.

இயன் லான்ஸ் ரெய்லரும் றொபர்ட் கிரீஸ்மரும் வடிவமைப்பை எழுதி, திருத்தி, திருப்பி எழுதினார்கள். 'ஒப்பந்தம்' என்ற புதிய அம்சத்தோடு வந்த வரைபு கைவிடப்பட்டு, ஏற்கெனவே மொழியில் இருந்த இன்ரர்பேஸையே நிபந்தனையாகப் பாவிக்கிற வழிக்கு வந்தார்கள். கோட்பாட்டைச் சரிபார்க்க கோ குழு உதவி கேட்ட ஆள் ஆர் தெரியுமா? பிலிப் வாட்லர். அவரும் சேர்ந்து எழுதின கட்டுரை 2020இல் வந்தது. 2022 மார்ச்சில் கோ 1.18 ஜெனரிக்கோடு வெளியானது. கம்பைல் செய்யும் முறையிலும் நடுவழி ஒன்றைத்தான் பிடித்தார்கள். நினைவகத்தில் ஒரே வடிவம் கொண்ட வகைகளுக்கு ஒரு பிரதி, வேறு வடிவத்துக்கு வேறு பிரதி. சி பிளஸ் பிளஸுக்கும் ஜாவாவுக்கும் இடையில் ஒரு இடம்.

காத்திருந்தது வீணா? முழுக்க இல்லை. வைல்ட்கார்ட் மாதிரியான சிக்கல் ஒன்றும் கோவுக்குள் வரவில்லை. ஆனால் 12 வருசமாக ஒரே நிரலைத் திரும்பத் திரும்ப எழுதின ஆக்களின் நேரமும் ஒரு செலவுதான். அது எந்த வேகப் பரிசோதனையிலும் தெரியாது. கம்பைலர் எத்தனை செக்கன் எடுத்தது என்று அளக்கலாம். ஒரு இளம் நிரலாளர் பின்னேரம் முழுக்க ஒரே சார்பை ஐந்து வகைக்கு நகல் எடுத்து, ஐந்தாவதில் ஒரு எழுத்தை மாற்ற மறந்ததை ஆர் அளக்கிறது?

இப்ப எங்க நிக்கிறம்?

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நம்மில் கனபேர் போகிற இடங்கள் ரைப்ஸ்கிரிப்டும் பைத்தனும். இரண்டும் வகை எழுதத் தேவையில்லாத உலகத்திலிருந்து வந்தவை. 2012இல் வெளியான ரைப்ஸ்கிரிப்டுக்கு ஜெனரிக் 2013இலேயே வந்துவிட்டது. அதன் பின்னால் இருந்த அன்டெர்ஸ் ஹெல்ஸ்பேர்க்தான் முன்னர் டேர்போ பஸ்காலையும் பிறகு சி ஷார்ப்பையும் வடிவமைத்தவர். பஸ்காலின் கண்டிப்பிலிருந்து தொடங்கின ஒருவர், லேபல் முழுக்கக் கிழிக்கப்படுகிற மொழிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ஏனென்றால் ரைப்ஸ்கிரிப்ட் கடைசியில் ஜாவாஸ்கிரிப்டாக மாறித்தான் ஓடும். அங்கே வகைக்கு இடமில்லை. மாம்பழ அணியைப் பழ அணியாகப் பாவிக்கிற பழைய ஓட்டையும் அங்கே தெரிந்தே விடப்பட்டிருக்கிறது. பைத்தனுக்கு 2015இல் 3.5 பதிப்போடு வகைக் குறிப்புகள் வந்தன. வகை மாறியை எளிதாக எழுதுகிற புதிய வடிவம் 2023இல் 3.12 பதிப்பில்தான். 'இது எண்களின் பட்டியல்' என்று நீங்கள் எழுதினாலும் பைத்தன் ஓடும்போது அதைப் பார்க்காது. தனிக் கருவி ஒன்று பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

இது ஏன் முக்கியம்? இணையத்திலிருந்து வருகிற தரவை ஒரு ரைப்ஸ்கிரிப்ட் நிரலில் 'இது மாணவர்களின் பட்டியல்' என்று எழுதி வாங்கிவிட்டால் அது மாணவர்களின் பட்டியல் ஆகிவிடாது. லேபல் ஒட்டினது நீங்கள், சரிபார்த்தவர் ஆருமில்லை. சி ஷார்ப்பிலிருந்து வருகிறவருக்கு அங்கே ஓடும்போதும் வகை தெரியும் என்ற பழக்கம் இருக்கும். அதே நம்பிக்கையோடு ரைப்ஸ்கிரிப்டுக்கு வந்தால் வைத்தியசாலைப் பதிவிலோ சம்பளப் பட்டியலிலோ பிழை நுழையும். கோண அடைப்புக்குறி இரண்டிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற வாக்குறுதிதான் வேறு. வரலாறு தெரியாமல் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் காண ஏலாது.

அதனால் புதிய மொழி ஒன்றைத் தொடங்கும்போது மூன்று கேள்வி கேட்டுப் பழகுவம். லேபலை ஆர் சரிபார்க்கிறது, எப்ப? சரிபார்த்த பிறகு லேபல் இருக்குமா, கிழிக்கப்படுமா? உள்ளே வருகிற வகைக்கு நிபந்தனை போட ஏலுமா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், அந்த மொழியின் ஜெனரிக்கில் முக்கால்வாசி விளங்கிவிட்டது.

அதோடு இன்னொன்று. எல்லா இடத்திலும் 'ரி' போடத் தேவையில்லை. ஒரே ஒரு வகைக்குத்தான் அந்தச் சார்பு வேலை செய்யப்போகிறது என்றால் அந்த வகையின் பெயரையே எழுதுங்கள். இரண்டாவது தேவை வரட்டும், மூன்றாவது வரட்டும், அப்போது அச்சை வார்க்கலாம்.

1967இல் சொல்லப்பட்ட ஒரு யோசனை 2022இல் கோவுக்கு வந்து சேர 55 வருசம். இடையில் ஆரும் அதை மறந்துபோனதால் இவ்வளவு காலம் எடுக்கவில்லை. பழைய நிரலை ஆர் காப்பது, வேகத்தை ஆர் இழப்பது, ஆருடைய பின்னேரம் வீணாவது என்று ஒவ்வொரு குழுவும் கணக்குப் பார்த்தது. கணக்குப் பார்த்த மேசைகளில் இருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். விடையைச் சுமக்கிறவர்கள் கோடிக்கணக்கில். அந்தக் கணக்கை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே கூடவேண்டும். அடுத்த மொழிக்கான கணக்கு எங்கேயோ ஒரு மேசையில் இப்பவும் நடந்துகொண்டுதான் இருக்கும்.